காணாமல் போன டேக்

ஒரே வகுப்பில் இரண்டு கார்த்திக் இருந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர் பெயரைக் கூப்பிட்டதும் இரண்டு குரல்கள் ஒன்றாக எழும், வகுப்பு சிரிக்கும், மறுநாளிலிருந்து ஒருவன் எம். கார்த்திக், இன்னொருவன் எஸ். கார்த்திக். அதோடு பிரச்சினை முடிந்தது. இந்த வகைக் குழப்பத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை, ஏனென்றால் அது சத்தம் போட்டுக்கொண்டே வருகிறது.

இனிஷியல் ஒட்டுவதற்கு முன்பே ஒரு கார்த்திக் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டால்தான் வம்பு. வந்திருக்கும் கார்த்திக் எழுந்து "உள்ளேன் ஐயா" என்கிறான். ஆசிரியர் வராதவன் பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார். இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் பதிவேடு தப்பு.

ரூபி, பைதான், பெர்ல் மாதிரியான ஸ்கிரிப்டிங் மொழிகளில் எக்ஸ்எம்எல் தயாரிக்கும்போது வருகிற பெயர்க் குழப்பங்களில் இரண்டு வகையும் உண்டு. முதல் வகையைப் பற்றிப் புத்தகங்களில் இரண்டு வரி இருக்கும். இரண்டாவது வகையை அனுபவப்பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இறுதியாண்டு மாணவன் ஒருவனுக்கு அந்த அனுபவம் துறை நூலகத்தில் கிடைத்தது. பழைய மாணவர்களின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் அங்கே வருடக்கணக்காகச் சேர்ந்து கிடந்தன. சில பைண்டிங் செய்த புத்தகங்கள், சில சிடிக்கள், பிற்காலத்தவை வெறும் பிடிஎஃப் கோப்புகள். எல்லாவற்றுக்கும் ஒரு எக்செல் பட்டியல் இருந்தது. அதை எக்ஸ்எம்எல்லாக மாற்றித் தந்தால் மைய நூலகத்தின் மென்பொருள் நேராக உள்வாங்கிக்கொள்ளும் என்றார்கள். "ஒரு வாரத்துல முடியுமா தம்பி?" என்று நூலகர் கேட்டார். "ஒரு நாள் போதும் மேடம்" என்றான் அவன்.

டேக் பெயர்களை அவன் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. நூலகப் பட்டியல்களுக்கென்றே டப்ளின் கோர் என்று ஒரு பொதுத் தரம் இருக்கிறது. (அயர்லாந்தின் டப்ளின் அல்ல. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு டப்ளின் உண்டு, 1995-ல் அங்கே நடந்த கூட்டத்தில் பிறந்ததால் இந்தப் பெயர்.) டைட்டில், கிரியேட்டர், சப்ஜெக்ட், டேட், டைப், ஃபார்மட், லாங்குவேஜ் என்று அதில் மொத்தம் 15 பெயர்கள். முன்னொட்டு எதுவும் வேண்டாம், வெறும் பெயரே போதும் என்று மைய நூலகத்தில் சொல்லிவிட்டார்கள். வேலை இன்னும் சுலபமாகிவிட்டது.

அவன் எடுத்துக்கொண்டது ரூபி மொழியும், நோக்கோகிரி என்ற நூலகமும். (இது புத்தக நூலகம் இல்லை, நிரல் நூலகம். ஜப்பானிய மொழியில் நோக்கோகிரி என்றால் ரம்பம். 2008-ல் ஆரன் பேட்டர்சனும் மைக் டலெஸியோவும் வெளியிட்டது.) இதன் பில்டரில் இருக்கும் அழகு என்னவென்றால், எழுதுகிற நிரலே பார்ப்பதற்கு எக்ஸ்எம்எல் மாதிரி இருக்கும். டைட்டில் என்று எழுதிப் பக்கத்தில் மேற்கோள் குறிக்குள் தலைப்பைக் கொடுத்தால், <டைட்டில்> என்று திறந்து, தலைப்பை எழுதி, மூடியும் விடும். பதினைந்து பெயருக்குப் பதினைந்து வரி. அவ்வளவுதான் நிரல். அன்று மாலையே கோப்பு தயார். எக்ஸ்எம்எல் லிண்ட் என்ற கருவியில் கொடுத்துப் பார்த்தான், ஒரு குறையும் சொல்லவில்லை. அனுப்பிவிட்டான்.

பத்து நாள் கழித்து நூலகரிடமிருந்து அழைப்பு. "சிடி எல்லாத்தையும் பசங்க புத்தக அடுக்குல போய்த் தேடிட்டு இருக்காங்க தம்பி. கம்ப்யூட்டர்ல எல்லாமே புத்தகம்னு காட்டுது."

கோப்பைத் திறந்து பார்த்தான். டைட்டில் இருக்கிறது, கிரியேட்டர் இருக்கிறது, டேட் இருக்கிறது. ஃபார்மட் மட்டும் இல்லை. ஒரு பதிவில் அல்ல, எந்தப் பதிவிலுமே இல்லை. ஃபார்மட் கொடுக்கப்படாத பதிவுகளைப் புத்தகம் என்று எடுத்துக்கொள்வது மைய நூலக மென்பொருளின் வழக்கம். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. நிரலுக்குத் திரும்பினால், ஃபார்மட் என்ற வரியும் மற்ற பதினான்கு வரிகளோடு ஒரே சீராக உட்கார்ந்திருந்தது. எழுத்துப் பிழைகூட இல்லை.

என்ன நடந்தது என்று புரிய, பில்டர்கள் எப்படி வேலை செய்கின்றன என்று கொஞ்சம் தெரிய வேண்டும். நோக்கோகிரியை எழுதியவர்கள் டைட்டில், கிரியேட்டர் என்று ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனி மெத்தட் எழுதி வைக்கவில்லை. அது நடக்கிற காரியமும் இல்லை, ஏனென்றால் உலகத்தில் யார் என்ன டேக் பெயர் வைப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? அவர்கள் நம்பியிருப்பது ரூபியின் ஒரு வசதியை. ஒரு பொருளிடம் இல்லாத மெத்தடை யாராவது கூப்பிட்டால், ரூபி உடனே பிழை சொல்லிவிடாது. கடைசி வாய்ப்பாக 'மெத்தட் மிஸ்ஸிங்' என்ற கதவைத் தட்டிப் பார்க்கும். பில்டர் அந்தக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. "டைட்டில் என்று யாரையோ கூப்பிட்டார்கள், அப்படி யாரும் இல்லை" என்று செய்தி வந்ததும், அந்தப் பெயரிலேயே ஒரு டேக் எழுதிவிடுகிறது.

அதாவது, பெயருக்குரியவர் வீட்டில் இல்லாதவரைதான் இந்த ஏற்பாடு ஓடும். பதினைந்து பெயர்களில் பதினான்கு வீடுகள் காலி. பதினைந்தாவதில் ஆள் இருந்தது. ரூபியில் எல்லாப் பொருள்களும் கர்னல் என்ற தொகுதியிலிருந்து சில மெத்தட்களைப் பெற்றுக்கொள்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் ஃபார்மட். சி மொழி படித்தவர்களுக்குத் தெரிந்த ஸ்பிரிண்ட்எஃப்பின் உடன்பிறப்பு அது. எண்களையும் எழுத்துகளையும் ஒரு வார்ப்புக்குள் இட்டுச் சரமாக்கித் தரும். அதனிடம் "சிடி" என்று மட்டும் கொடுத்தால், நிரப்ப வேண்டிய இடம் எதுவும் இல்லாததால் "சிடி" என்ற சரத்தையே திருப்பிக் கொடுக்கும். அந்த விடையை வாங்கிக்கொள்ள அந்த வரியில் யாரும் இல்லை. மதிப்பு காற்றில் போனது, டேக் பிறக்கவே இல்லை. பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கையும் இல்லை. "உள்ளேன் ஐயா" என்று வேறு கார்த்திக் சொல்லிவிட்டான், அவ்வளவுதான்.

(மதிப்பின் கடைசியில் ஒரு சதவீதக் குறி இருந்திருந்தால் வார்ப்பு முடியவில்லை என்று ரூபி அங்கேயே நின்று கத்தியிருக்கும். பட்டியலில் அப்படி ஒன்றுகூட இல்லாதது அவன் நேரம்.)

எக்ஸ்எம்எல் லிண்ட் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்ற கேள்வி நியாயமானது. திறந்த டேக் மூடியிருக்கிறதா, ஒன்றுக்குள் ஒன்று ஒழுங்காக அடங்கியிருக்கிறதா என்பதைத்தான் அது சாதாரணமாகப் பார்க்கிறது. இன்னின்ன டேக் கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஒரு ஸ்கீமா எழுதிக் கொடுத்திருந்தால் பிடித்திருக்கும். இவன் கொடுக்கவில்லை. காணாமல் போன ஒன்று எந்த இலக்கணத்தையும் மீறுவதில்லை.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. நோக்கோகிரியை இரண்டு விதமாக எழுதலாம். பில்டருக்கு எக்ஸ்எம்எல் என்று ஒரு பெயர் வைத்து, ஒவ்வொரு வரியிலும் எக்ஸ்எம்எல்-புள்ளி-டைட்டில், எக்ஸ்எம்எல்-புள்ளி-ஃபார்மட் என்று எழுதுவது ஒரு விதம். அந்த முன்பகுதியை விட்டுவிட்டு வெறும் பெயரை மட்டும் எழுதுவது இன்னொரு விதம். இரண்டாவதுதான் பார்க்க அழகு. அவன் எழுதியதும் அதுதான். முதல் விதத்தில் எழுதியிருந்தால் ஃபார்மட் தப்பித்திருக்கும்! கர்னலில் இருக்கும் ஃபார்மட் வெளியாருக்குத் திறக்காத, தனிப்பட்ட மெத்தட். புள்ளி வைத்துக் கூப்பிடுவது வாசலில் நின்று கூப்பிடுவது போல. தனிப்பட்டவர்கள் வாசலுக்கு வர மாட்டார்கள், எனவே ரூபி 'மெத்தட் மிஸ்ஸிங்' கதவுக்குப் போய்விடும், டேக் பிறந்துவிடும். புள்ளி இல்லாமல் வெறும் பெயரைச் சொல்வது வீட்டுக்குள்ளிருந்தே கூப்பிடுவது, அப்போது யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். ஒவ்வொரு வரியிலும் நாலு எழுத்து மிச்சம் பிடிக்கப்போய் வந்த வினை.

கர்னலில் இப்படி யாரெல்லாம் குடியிருக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வரும், கொஞ்ச நேரத்தில் சிரிப்பு போய்விடும். ஒருவர் தூங்கிய நேரத்தை ஸ்லீப் என்ற டேக்கில் 8 என்று எழுத நினைத்தால், நிரல் எட்டு விநாடி தூங்கிவிட்டு எழுந்து, எதுவும் நடக்காதது போல அடுத்த வரிக்குப் போகும். எச்டிஎம்எல்லில் பத்தியைக் குறிக்கும் 'பி' டேக்கை எழுதினால், பத்தி கோப்புக்குள் போகாமல் கறுப்புத் திரையில் மேற்கோள் குறிகளோடு அச்சாகும், ஏனென்றால் ரூபியில் 'பி' என்பது எதையும் திரையில் காட்டும் மெத்தட். சிஸ்டம் என்ற டேக் வந்தால் நிலைமையே வேறு. அந்த மெத்தட், கொடுத்த சரத்தை இயங்குதளத்திடம் கட்டளையாகக் கொடுத்து ஓடவைக்கும். கணினிப் பழுதுகளைப் பதிந்து வைக்கும் ஒரு பட்டியலில் சிஸ்டம் என்று ஒரு பகுதி இருப்பது இயற்கை. அந்தப் பகுதியில் எவனோ ஒருவன் எதையோ எழுதி வைத்திருக்க, அதை எக்ஸ்எம்எல்லாக்கும் நிரல் அந்த எழுத்தைக் கட்டளையாக ஓட்டிவிடும்.

புள்ளி வைத்து எழுதினால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. எல்லோருக்கும் திறந்திருக்கும் பொது மெத்தட்களும் உண்டு. மோசமானது செண்ட். ரூபியில் செண்ட் என்பது "இந்தப் பெயருள்ள மெத்தடைக் கூப்பிடு" என்ற உத்தரவு. <செண்ட்>ஓகே</செண்ட்> என்று வரும் என நினைத்து நோக்கோகிரியில் எக்ஸ்எம்எல்-புள்ளி-செண்ட் என்று எழுதி "ஓகே" என்று கொடுத்தால், ஓகே என்ற மெத்தடைத் தேடி, கிடைக்காமல், கடைசியில் <ஓகே/> என்று ஒரு டேக் வந்து நிற்கும். மதிப்பாக இருந்தது பெயராக மாறிவிட்டது. அந்த மதிப்பு "எக்ஸிட்" என்றிருந்தால் நிரல் பாதியில் நின்றுவிடும். செண்ட் தனிப்பட்டவர்களையும் எழுப்பிவிடும்.

நோக்கோகிரி இதை மறைக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். டைப், கிளாஸ், ஐடி போன்ற பெயர்களில் டேக் வேண்டுமென்றால் கடைசியில் ஒரு அடிக்கோடு சேர்த்து எழுதுங்கள் என்று அதன் ஆவணத்திலேயே இருக்கிறது. கிளாஸ் என்பதற்குப் பின்னால் ஒரு அடிக்கோடு போட்டால் அது வேறு பெயர், அந்தப் பெயரில் மெத்தட் இல்லை, கதவு தட்டப்படும், பில்டர் அந்த ஒரு அடிக்கோட்டை மட்டும் கத்தரித்துவிட்டு <கிளாஸ்> என்று எழுதிக்கொள்ளும். நல்ல வழிதான். ஆனால் எந்தப் பெயருக்கு அடிக்கோடு போட வேண்டும் என்று நிரல் எழுதுகிறவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். ஃபார்மட் ஆபத்தான பெயர் என்று தெரிந்திருந்தால் அந்த மாணவன் இந்தக் கதைக்குள்ளேயே வந்திருக்க மாட்டான். தவிர, எக்ஸ்எம்எல் பெயர்களில் அடிக்கோடு அனுமதிக்கப்பட்ட எழுத்து. உண்மையிலேயே அடிக்கோட்டில் முடியும் டேக் பெயர் ஒன்று இருந்தால், அதற்கு இரண்டு அடிக்கோடு போட வேண்டியிருக்கும்.

இதே பிரச்சினையை நோக்கோகிரிக்கு முன்பே ஒருவர் யோசித்து வைத்திருந்தார். ரேக் என்ற கருவியை எழுதிய ஜிம் வைரிக்தான் அவர். ரூபி உலகத்தில் பில்டர் என்ற பெயரிலேயே இருக்கும் நூலகமும் அவருடையது, ரெயில்ஸ் பல வருடங்களாக எக்ஸ்எம்எல் எழுத அதைத்தான் நம்பியிருக்கிறது. 2014 பிப்ரவரியில் அவர் காலமானார். அவருடைய தீர்வில் இரண்டு பகுதிகள் உண்டு, இரண்டையும் நிதானமாகப் பார்ப்பது வீண் போகாது.

முதல் பகுதி, வீட்டைக் காலி செய்வது. குடியிருப்பவர்கள்தானே பிரச்சினை? யாருமே குடியிராத பொருள் ஒன்றைச் செய்துவிட்டால்? வைரிக் அதற்கு பிளாங்க் ஸ்லேட் என்று பெயர் வைத்தார், துடைத்த சிலேட்டு. பிறப்பிலேயே ஒட்டிக்கொண்டு வரும் மெத்தட்களை, இயங்குவதற்கு மிக அவசியமான ஒன்றிரண்டைத் தவிர, ஒவ்வொன்றாக மறைத்துவிடும் ஒரு வகுப்பு அது. ரூபி 1.8 காலத்தில் ஐடி, டைப் இரண்டும் எல்லாப் பொருள்களிலும் பொது மெத்தட்களாகவே இருந்தன. எக்ஸ்எம்எல்லில் இவற்றைவிடச் சாதாரணமான பெயர்கள் உண்டா? டப்ளின் கோரின் பதினைந்தில் ஃபார்மட்டோடு டைப்பும் அன்று ஆபத்தான பட்டியலில்தான் இருந்தது.

துடைத்த சிலேட்டில் ஒரு ஓட்டை தெரிந்தது. ரூபியில் யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், எல்லாப் பொருள்களுக்கும் பொதுவான வகுப்பில் புது மெத்தட் ஒன்றைச் சொருகலாம். சிலேட்டைத் துடைத்து முடித்த பிறகு வேறொரு நூலகம் ஏற்றப்பட்டு, அது ஒரு பெயரைச் சொருகினால், அந்தப் பெயர் சிலேட்டிலும் எழுதப்பட்டுவிடும். நேற்று வரை ஓடிய நிரல், சம்பந்தமே இல்லாத நூலகம் ஒன்றைச் சேர்த்ததால் இன்று ஒரு டேக்கை விழுங்கும். வைரிக் அதற்கும் ஒரு காவலாளி வைத்தார். பொது வகுப்பில் புதிதாக யார் குடிவந்தாலும் உடனே செய்தி கிடைக்கும்படி செய்து, சிலேட்டில் அந்தப் பெயரையும் மறைத்தார். பிறகு ரூபி 1.9 வந்தபோது பேசிக் ஆப்ஜெக்ட் என்ற கிட்டத்தட்ட வெறுமையான மூல வகுப்பு மொழிக்குள்ளேயே வந்துவிட்டது. காவலாளிக்கு ஓய்வு.

காவல் தேவைதானா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு 2018 டிசம்பரில் வந்த ரூபி 2.6 நல்ல உதாரணம். அதில் எல்லாப் பொருள்களுக்கும் தென் என்று ஒரு புது மெத்தட் கிடைத்தது. கூப்பிடும் பொருளை, பின்னால் வரும் நிரல்துண்டிடம் கொடுத்து ஓடவிடும். இனி, நிபந்தனைகளை எக்ஸ்எம்எல்லில் எழுதும் ஒரு நிரல். <இஃப்>, அதற்குப் பின் <தென்>, அதற்குள் செய்ய வேண்டிய செயல்கள். 2.5 வரை நோக்கோகிரியில் எக்ஸ்எம்எல்-புள்ளி-தென் என்று எழுதி அடைப்புக்குள் செயல்களைக் கொடுத்தால் <தென்> என்ற உறை வரும், உள்ளே செயல்கள் இருக்கும். 2.6-லிருந்து செயல்கள் மட்டும் வரும், உறை வராது. நிரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, மொழியின் பதிப்பு மட்டும் மாறியது. வைரிக்கின் பில்டரில் இந்தச் சிக்கல் வராது, பேசிக் ஆப்ஜெக்ட்டில் தென் இல்லை.

தீர்வின் இரண்டாவது பகுதி சின்னது, ஆனால் அதில்தான் மூளை இருக்கிறது. வீட்டை என்னதான் காலி செய்தாலும், பில்டருக்கென்றே சில வேலைக்காரர்கள் உள்ளே இருந்தாக வேண்டும். டேக் இல்லாத வெறும் எழுத்தைச் சேர்க்க ஒருவர், குறிப்புரை எழுத ஒருவர், கோப்பின் தலைவரியை எழுத ஒருவர். இவர்களுக்கு டெக்ஸ்ட், காமெண்ட் என்று பெயர் வைத்தால், அதே பெயரில் டேக் வேண்டும் என்பவர்கள் எங்கே போவார்கள்? வைரிக் ஒவ்வொரு பெயரின் கடைசியிலும் ஒரு ஆச்சரியக்குறி வைத்தார். டெக்ஸ்ட்! காமெண்ட்! டேக்! என்று. ரூபியில் மெத்தட் பெயர் ஆச்சரியக்குறியில் முடியலாம். எக்ஸ்எம்எல்லில் எந்தப் பெயரிலும் ஆச்சரியக்குறி வரக் கூடாது. எழுத்துகள், எண்கள், அடிக்கோடு, சிறுகோடு, புள்ளி, முக்காற்புள்ளி எல்லாம் உண்டு, ஆச்சரியக்குறி மட்டும் கிடையவே கிடையாது. ஆகவே அந்த வேலைக்காரர்களின் பெயரோடு மோதக்கூடிய ஒரு டேக்கை யாராலும் எழுத முடியாது, எழுதினால் அது எக்ஸ்எம்எல்லே இல்லை. (ரூபிக்காரர்கள் வழக்கமாக ஆச்சரியக்குறியை "ஜாக்கிரதை, இது பொருளையே மாற்றிவிடும்" என்று எச்சரிக்கத்தான் வைப்பார்கள். வைரிக் அந்த மரபை இங்கே கண்டுகொள்ளவில்லை. சரியாகத்தான் செய்தார்.)

ஒரு மொழி அனுமதிக்கும், இன்னொரு மொழி அனுமதிக்காத எழுத்தாகப் பார்த்துப் பிடிப்பது என்ற இந்த யோசனை தெரிந்துவிட்டால், மற்ற மொழிகளில் செய்திருப்பதையெல்லாம் எடைபோட ஒரு தராசு கிடைத்துவிடுகிறது.

பெர்லின் பழைய சிஜிஐ தொகுதியை எடுத்துக்கொள்ளலாம், லிங்கன் ஸ்டீன் எழுதியது, 2015-ல் பெர்ல் 5.22 வரும் வரை மொழியோடு சேர்ந்தே வந்தது. எச்டிஎம்எல் டேக்குகளுக்கு அதில் மெத்தட்கள் இருந்தன. அட்டவணை வரிசைக்கான 'டிஆர்' டேக், தேர்வுப் பட்டிக்கான செலெக்ட் டேக் இரண்டும் பெர்லின் சொந்தச் சொற்களோடு மோதின. தீர்வு, முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்குவது. எச்டிஎம்எல்லுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான் என்பதால் ஓடியது. 1998-ல் வந்த எக்ஸ்எம்எல்லில் இரண்டும் வேறு வேறு. அங்கே இந்தத் தந்திரத்தைக் கொண்டுபோனால், பெரிய எழுத்தில் தொடங்கும் உண்மையான பெயரும் சிறிய எழுத்துப் பெயரும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும்.

பைதானில் மோதல் பெரும்பாலும் சத்தமான வகை. ஃப்ரம், கிளாஸ், ஃபார் எல்லாம் மொழிக்கே ஒதுக்கப்பட்ட சொற்கள், அவற்றை அட்ரிபியூட் பெயராக நேரடியாக எழுதினால் நிரல் தொடங்கவே தொடங்காது. எக்ஸ்எம்பிபி என்ற அரட்டை நெறிமுறையில் ஒவ்வொரு செய்தியும் ஃப்ரம், டூ என்ற அட்ரிபியூட்களோடுதான் போகும், அங்கே முதல் வரியிலேயே முட்டும். வழக்கமான மருந்து இங்கேயும் கடைசியில் ஒரு அடிக்கோடுதான். ஒதுக்கப்பட்ட சொற்களின் பட்டியலும் நிலையானதல்ல. 2018-ல் பைதான் 3.7 வந்தபோது அசிங்க் என்பதும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. எச்டிஎம்எல்லின் ஸ்கிரிப்ட் டேக்கில் அதே பெயரில் ஒரு அட்ரிபியூட் உண்டு. அதை அடிக்கோடு இல்லாமல் எழுதியிருந்தவர்களின் நிரல்கள் மறு பதிப்பில் நின்றுபோயின. நின்றுபோனது நல்லதே, உடனே தெரிந்ததே.

குரூவி மொழியின் மார்க்கப் பில்டர், தன் வேலைக்காரர்கள் எல்லோரையும் 'எம்கேபி' என்ற ஒற்றைப் பெயருக்குப் பின்னால் உட்கார வைத்தது. அந்தப் பெயரில் யாரும் டேக் வைக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை. பெரும்பாலும் பலிக்கும் நம்பிக்கைதான். ஆனால் யாரும் வைக்க மாட்டார்கள் என்பதும் யாராலும் வைக்கவே முடியாது என்பதும் ஒன்றல்ல.

மெத்தட்களே இல்லாமல், அகராதி போன்ற ஒரு தரவுக் கட்டமைப்பைக் கொடுத்து எக்ஸ்எம்எல் வாங்கும் நூலகங்களிலும் இதே கதை வேறு வேடத்தில் வருகிறது. பெர்லின் எக்ஸ்எம்எல் சிம்பிள், டேக்குக்குள் இருக்கும் வெறும் எழுத்தைக் குறிக்க கண்டெண்ட் என்ற சாவியை வைத்துக்கொண்டது. 2005-ல் ஆட்டம் ஓடைக்கான தரம் வந்தது, அதில் பதிவின் உடலைத் தாங்கும் டேக்கின் பெயரே கண்டெண்ட். ஆங்கிலத்தில் அத்தனை சாதாரணமான ஒரு சொல்லை ஒதுக்கி வைத்தால் இப்படித்தான் ஆகும். பைதானின் எக்ஸ்எம்எல்-டு-டிக்ட் இதே இடத்தில் ஒரு ஹேஷ் குறியை முன்னால் ஒட்டியது, அட்ரிபியூட்களுக்கு ஒரு அட் குறியை ஒட்டியது. இரண்டுமே எக்ஸ்எம்எல் பெயர்களில் வர முடியாத எழுத்துகள். வைரிக்கின் ஆச்சரியக்குறியும் இதுவும் ஒரே குலம்.

இந்தத் தலைவலி எதுவுமே இல்லாத வழியும் ஒன்று உண்டு. டேக் பெயரை மெத்தடாக எழுதாமல் மேற்கோள் குறிக்குள் சரமாகக் கொடுப்பது. பைதானின் எலிமெண்ட் ட்ரீ அப்படித்தான் வேலை செய்கிறது, வைரிக்கின் டேக்! மெத்தடும் அதற்காகத்தான் இருக்கிறது. சிறுகோடு உள்ள பெயர்களுக்கு வேறு வழியும் கிடையாது, ஏனென்றால் ஃபர்ஸ்ட்-நேம் என்று நேராக எழுதினால் ரூபி அதைக் கழித்தல் கணக்காகப் படிக்கும். சரமாக எழுதினால் பார்க்க அழகாக இருக்காது, எக்ஸ்எம்எல் மாதிரியும் இருக்காது. பெயர்கள் வெளியிலிருந்து வருகிற இடத்தில், எக்செல் தலைப்பு வரியிலிருந்தோ படிவத்திலிருந்தோ, அழகைப் பார்ப்பது அனாவசியம். கையால் எழுதும் பத்து டேக்குக்கு அழகான பில்டர் இருந்துவிட்டுப் போகட்டும், அதுவும் புள்ளி வைத்து.

மாணவன் அதையேதான் செய்தான். பதினைந்து பெயர்களையும் ஒரு பட்டியலாக எழுதி, ஒரு சுற்றில் ஒவ்வொன்றையும் டேக்! மெத்தடுக்குச் சரமாகக் கொடுத்தான். பதினைந்து வரி நிரல் நான்கு வரியானது. கூடவே ஒரு எண்ணிக்கையும் சேர்த்தான். எக்செல்லில் ஃபார்மட் நிரப்பப்பட்ட வரிசைகள் எத்தனை, கோப்பில் ஃபார்மட் டேக்குகள் எத்தனை, மற்ற பதினான்குக்கும் அப்படியே. எண்கள் ஒத்துப்போகாவிட்டால் கோப்பு எழுதப்படாது. புதுக் கோப்பை எடுத்துக்கொண்டு நேரிலேயே போனான். "இப்போ சரியா இருக்கும் மேடம்" என்றான். "ஒரு நாள் போதும்னு சொன்னியேப்பா" என்றார் நூலகர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்று இரவு அவன் இரண்டாம் ஆண்டில் எழுதிய இன்னொரு நிரலைத் தேடி எடுத்தான். துறைத் திருவிழாவுக்கான எச்டிஎம்எல் பக்கங்களை அதே நோக்கோகிரியில், அதே புள்ளி இல்லாத முறையில் தயாரித்த நிரல் அது. அதை ஓட்டும்போதெல்லாம் கறுப்புத் திரையில் வரிகள் கடகடவென்று ஓடும், நிரல் மும்முரமாக வேலை செய்கிறது என்று நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறான். இப்போது ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். மேற்கோள் குறிகளோடு, ஒவ்வொரு பத்தியாக, பக்கத்தில் இருந்திருக்க வேண்டியதெல்லாம் திரையில் ஓடிக்கொண்டிருந்தது.